மந்திரித்த வண்டியும் உறங்காத ஓட்டுநரும்

ஆகஸ்டுத் திங்கள் பாதி கடந்துவிட்டால் நமது பங்கு இல்லத்தின் வாயிலில் வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். வேன், டெம்போ டிராவலர், வாடகைக் கார், தவணையில் வாங்கிய புதுக் கார் என்று பல. சட்டம் விலக்கியது என்று தெரிந்தும் பலகை போட்டு ஆளேற்றிய ‘குட்டி யானை’யும் சில வேளை வரும். முகப்பில் வேளாங்கண்ணி அன்னையின் படம், கண்ணாடியருகே செபமாலை, கூரைமேல் அடுப்பும் அரிசி மூட்டையும். சக்கரத்தின் கீழே ஓர் எலுமிச்சம்பழம் இருந்தால் அதனைக் கண்டும் காணாதவர்போல் நாம் இருந்துவிடுவதுண்டு. “சாமி, வண்டியை மந்திரித்துக் கொடுங்கள், நேரமாகிறது” என்பார்கள். நாமும் தீர்த்தச் செம்போடு இறங்கி வந்து, செபித்து, தெளித்து, சிலுவை வரைந்து அனுப்பிவிடுவோம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் காரியம். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றியே இக்கட்டுரை. இதில் நாம் குற்றஞ்சாட்டப்போவோர் பலர். அவர்களுள் முதல் குற்றவாளி நாமே என்பதை முன்னதாக ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம் என்று ஊர்களைச் செபமாலை மணிகள்போல் எண்ணிக்கொண்டே போகலாம். நம் மக்கள் இத்தொலைவை இரவிலேதான் கடப்பார்கள். மாலை ஷிப்ட் முடிந்து, குளித்து, புளிசாதப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு, இரவு 10 மணிக்கோ 11 மணிக்கோ புறப்பட்டால் விடியற்காலைத் திருப்பலிக்குப் பேராலயத்தில் நிற்கலாம் என்பது கணக்கு. இக்கணக்கில் எல்லாருக்கும் இடமுண்டு. ஓட்டுநரின் உறக்கத்துக்கு மட்டும் இடமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொடியேற்றத்தின் முன்னிரவு. அப்போது நாம் இருந்த பங்கிலிருந்து ஒரு வேன் புறப்பட்டது. பெரும்பாலோர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளம்பெண்களும் அவர்களுடைய குடும்பத்தாரும். வழக்கம்போல் மந்திரித்தோம். முன்கண்ணாடியில் தெளித்த தீர்த்தத்தில் சில துளிகள் திறந்திருந்த சன்னல் வழியே ஓட்டுநரின் முகத்திலும் பட்டன. அவர் திடுக்கிட்டுக் கண்களை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நாம் புன்னகைத்தோம், அவரும் புன்னகைத்தார். அதிகாலை மூன்றரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. திண்டிவனத்துக்கு அப்பால் சாலையோரம் விளக்கின்றி நின்ற சரக்கு வண்டியின் பின்புறத்தில் வேன் மோதியிருந்தது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணொருத்தியும் ஓட்டுநரும் இறந்தனர். மற்றவர்கள் கைகால் முறிந்து பிழைத்தனர்.

ஓட்டுநர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். அடுத்த தெருவில் குடியிருந்தவர். பெண்ணை அடக்கம் செய்துவிட்டு மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றோம். அவருடைய மனைவி அழுது ஓய்ந்திருந்தார். நாம் கேளாமலே சொன்னார்: “முந்தின ராத்திரியும் கம்பெனி ஆளுங்களைத்தான் ஏத்தி எறக்கினாரு சாமி. பகல்ல ஒரு சவாரி. வீட்டுக்கு வந்து படுக்கவே இல்ல.” இரண்டு இரவுகளாக உறங்காத ஒரு மனிதரிடம் பதினான்கு உயிர்களை ஒப்படைத்து, அதன்மேல் திருச்சபையின் ஆசியையும் வைத்து அனுப்பியிருந்தோம். “தம்பி, தூங்கினீர்களா?” என்று ஒரு சொல் கேட்க நமக்குத் தோன்றவில்லை. அவருடைய பெயர்கூட அன்று மாலைதான் நமக்குத் தெரியவந்தது.

அடக்கத் திருப்பலிக்கு வந்தவர்கள் கல்லறைத் தோட்டத்தில் நின்று சொன்னது என்ன தெரியுமா? “இறைவன் சித்தம்.” “மாதாவைப் பார்க்கப் போனவளை மாதாவே அழைத்துக்கொண்டார்கள்.” அன்பு வாசகர்களே, ஆறுதல் மொழியாகச் சொல்லப்பட்டது என்பதால் அன்று நாம் மறுத்துரைக்கவில்லை. பிள்ளையை இழந்த தாயின் முன்னிலையில் இறையியல் வாதம் செய்வது அழகன்று. ஆனால் அதே சொற்கள் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வேறு வேறு ஊர்களில் வேறு வேறு சவப்பெட்டிகளின் அருகே சொல்லப்படுவதைக் கேட்டபின் இனியும் வாய்மூடியிருத்தல் ஆகாது. அது இறைவனின் சித்தம் அன்று. நம் அசட்டையை இறைவனின் பெயரில் எழுதிவைக்கும் கணக்குப் புரட்டு அது.

குருமடத்தில் நமக்குக் கற்பித்தவற்றுள் பலவற்றை மறந்திருக்கலாம். ஆயினும் ஒன்று மறக்கவில்லை. எதிர்நோக்குக்கு எதிரான பாவங்கள் இரண்டு. ஒன்று, இறைவன் காப்பாற்றமாட்டார் என்று நம்பிக்கை இழப்பது. மற்றொன்று, நாம் எப்படி நடந்தாலும் அவர் காப்பாற்றியே தீரவேண்டும் என்று துணிவது. முதலாவதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அழுதுகொண்டே அறிக்கையிடுகிறோம். இரண்டாவதையோ விசுவாசம் என்று பெயர்சூட்டிப் பெருமையாகப் பேசுகிறோம். ஆண்டவர் பாலைவனத்தில் சோதிக்கப்பட்டபோது, கோவில் முகட்டிலிருந்து குதிக்கச் சொன்ன அலகை, வானதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று திருப்பாடலையே அன்றோ சான்று காட்டியது! ஆண்டவர் குதிக்கவில்லை. படிக்கட்டு இருக்கும்போது குதிப்பது நம்பிக்கை ஆகாது. அது கடவுளைச் சோதிப்பது. உறங்காத ஓட்டுநரின் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு “மாதா பார்த்துக்கொள்வார்கள்” என்பதற்கும் கோவில் முகட்டிலிருந்து குதிப்பதற்கும் என்ன வேறுபாடு? உயரத்தைத் தவிர வேறொன்றையும் நாம் காணவில்லை.

இறைவனின் பராமரிப்பு காரணகாரியங்களை அழித்துவிட்டு வருவதன்று. அவற்றின் வழியாகவே வருவது. மருத்துவரின் கையும் மருந்தும் அவருடைய பராமரிப்பே. அவ்வாறே எட்டு மணி நேர உறக்கமும், தேயாத டயரும், மாட்டிய இருக்கைப் பட்டையும் அவருடைய பராமரிப்பே. இவற்றை அவர் நம் கையில் தந்திருக்க, நாம் தள்ளிவிட்டு வேறொரு புதுமையைக் கேட்கிறோம்.

நமது பகுதியின் வினோதத்தை இங்கே சொல்லாமல் இருக்க இயலவில்லை. உலகம் ஓட்டும் வண்டிகளை உருவாக்குபவர்கள் நாம்! இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை 2010இலும் டெய்ம்லர் லாரி ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. டயருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று என்று ஆலைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. வாகனங்களை ஆய்வு செய்து சான்றளிக்கும் நடுவண் அரசின் நிலையமும் இதே ஒரகடத்தில்தான் இருக்கிறது. அங்கே பொம்மை மனிதருக்குக்கூடப் பட்டை மாட்டாமல் சோதனை நடத்தமாட்டார்கள். அந்நிலையத்தின் மதில் ஓரமாகவே நம் மக்கள் பன்னிரண்டு இருக்கை வண்டியில் பதினெட்டுப் பேராகப் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார்கள்.

இங்கு உருவான கார்கள் சென்னையிலும் எண்ணூரிலும் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றதை நம் கண்ணாலேயே கண்டோம். ஒரு கோடைக்காலத்தில் ஜெர்மனி நாட்டின் பவேரியாவில், விடுப்பில் சென்ற பங்குத் தந்தையின் இடத்தில் ஆறு வாரம் பணியாற்ற நேர்ந்தது. மூனிக் நகருக்கு அருகே ஒரு சிற்றூர். அங்கே ஒரு குடும்பத்தார் லூர்து நகருக்குத் திருப்பயணம் செல்லவிருந்தனர். அவர்களது சிறிய காரின் பெயரைக் கண்டதும் விசாரித்தோம். இந்தியாவில் உருவானதே என்றனர். ஒரகடத்தில் நம் பங்குப் பிள்ளைகளின் கைபட்டு வந்த வண்டி! நமக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர்களோ அதைப் பயணத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த விதம் அப்பெருமையைச் சற்றே குலைத்தது.

மூனிக்கிலிருந்து சுவிட்சர்லாந்து வழியாக லூர்து நகர் ஏறத்தாழ 1500 கிலோமீட்டர். நம்மவர் என்றால் ஓர் இரவும் ஒரு பகலும் போதும் என்பார்கள். அவர்கள் நான்கு நாள் குறித்திருந்தனர். முதல் இரவு பெர்ன், இரண்டாம் இரவு லியோன், மூன்றாம் இரவு துலூஸ், நான்காம் நாள் முற்பகலில் லூர்து. தங்குமிடங்களுக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கணவனும் மனைவியும் மாறி ஓட்டுவது என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தனர். சுவிஸ் விரைவுச் சாலைக்கான ஆண்டுச் சீட்டு, பிரெஞ்சு நகரங்களுக்கான புகை அளவுச் சீட்டு, காப்பீட்டுச் சான்று எல்லாம் ஒரு பையில். வண்டியின் பின்னே முதலுதவிப் பெட்டி, பழுதாகி நின்றால் சாலையில் வைக்கும் சிவப்பு முக்கோணம், இருளில் ஒளிரும் மேற்சட்டை. இம்மூன்றும் இன்றி அந்நாட்டில் காரைச் சாலையில் இறக்கக் கூடாது. எட்டு வயதுப் பையனுக்குத் தனி உயர்த்து இருக்கை. பன்னிரண்டு வயது நிறையும்வரை அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் எட்டும்வரை அது கட்டாயம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பட்டறையில் டயரையும் நிறுத்தியையும் பார்த்து வாங்கிவந்தார்கள்.

“இரவிலேயே போயிருந்தால் ஒரு நாள் மிச்சமாகுமே” என்று, நம் ஊர்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டோம். அந்த மனிதர் அதிகம் பேசாதவர். “இரவு மூன்று மணிக்கு என் கண்களை நானே நம்புவதில்லை, ஃபாதர்” என்றார். பிறகு, புறப்படும் நாள் காலையில், திருப்பலி முடிந்ததும், வண்டியை ஆலய வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஆசி கேட்டார். எல்லா ஆயத்தமும் முடித்து, தன்னால் இயன்றது இனி ஒன்றுமில்லை என்ற இடத்தில் வந்து நின்று கேட்டார். நாம் எத்தனையோ வண்டிகளை மந்திரித்திருக்கிறோம். ஆசியின் பொருள் இதுதான் என்று அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

உடனே சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. “சாமி வெளிநாடு போய்வந்துவிட்டு நம்மை மட்டந்தட்டுகிறார்” என்பீர்கள். அன்று! அந்நாட்டார் நம்மைவிடப் புனிதர் அல்லர். அவ்வூர் ஆலயத்தில் ஞாயிறு திருப்பலிக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் பங்கில் ஒரு நவநாளுக்கு வரும் கூட்டம் அங்கே கிறிஸ்து பிறப்புக்கும் வராது. சட்டத்துக்கு அஞ்சியே பலர் ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்பதும் உண்மை. நாம் சொல்வது இவ்வளவே: உயிரைக் கடவுளின் கொடை என்று நாள்தோறும் அறிக்கையிடும் நாம் அதை அசட்டையாகச் சுமந்து செல்கிறோம், அவ்வாறு அறிக்கையிட மறந்துவிட்ட அவர்களோ அதைப் பத்திரமாகச் சுமக்கிறார்கள். நாணவேண்டியது யார்?

வண்டி செய்தவர்களும் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தே வைத்திருந்தனர். 2014ஆம் ஆண்டு குளோபல் என்கேப் என்னும் அமைப்பு இந்தியச் சந்தையின் சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. சோதனைக்கு உள்ளான பல கார்களைப் போலவே, நமது பகுதியில் உருவான ஹூண்டாய் ஐ10, டட்சன் கோ ஆகியவற்றின் காற்றுப்பையில்லா வகைகளும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய ஐ10 காரிலோ காற்றுப்பை இருந்தது. ஒரே தொழிலாளியின் கை. ஒரே ஊர்த் தண்ணீர். அங்கே போகும் வண்டிக்கு ஒரு நீதி, இங்கே ஓடும் வண்டிக்கு ஒரு நீதி. பின்னர் சட்டம் மாறியது. 2019இல் ஓட்டுநருக்கும் 2021 இறுதியில் அவரருகே அமர்பவருக்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கென்றே நட்சத்திரத் தரவரிசையும் வந்துவிட்டது. ஆக, உற்பத்தியாளரைச் சாடிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளும் வசதி குறைந்துவருகிறது. மீதியிருப்பது நம் பங்கு. பின்னிருக்கைப் பட்டை மாட்டவேண்டும் என்பதும் சட்டமே. மாட்டாவிட்டால் 1000 ரூபாய் தண்டம். ஆனால் நம் கார்களில் அப்பட்டை இருக்கையின் இடுக்கிலே புதைந்து கிடக்கிறது. தோண்டி எடுத்தால் இரண்டு ஆண்டுக்கு முந்தைய முறுக்குத் துண்டும் உடன் வரும்.

உறக்கத்துக்கு வருவோம். இதனை ஒழுக்கவியல் கேள்வியாக நம்மவர் எண்ணுவதே இல்லை. குடித்துவிட்டு ஓட்டுபவனைத் திட்டுகிறோம், மறையுரையிலும் விளாசுகிறோம். நம் சட்டம் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவுக்கு மேல் இருந்தால் குற்றம் என்கிறது. தொடர்ந்து 24 மணி நேரம் உறங்காதவரின் கவனமும் கைவேகமும் 100 மில்லிகிராம் மது ஏறியவரின் நிலைக்கு ஒப்பாகிவிடும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதாவது நம் வேன் ஓட்டுநர் ஒரு சொட்டும் அருந்தாமலே சட்ட வரம்பைப்போல் மும்மடங்கு போதையில் இருந்தார். அவரை நாம் மந்திரித்து அனுப்பினோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. நான்கு நொடி கண் அயர்ந்தால் ஏறத்தாழ 90 மீட்டர். ஆலய வாசலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரையுள்ள தூரத்தை ஓட்டுநரே இல்லாத வண்டி தானே ஓடிக் கடக்கும்.

ஐரோப்பாவில் லாரியோ பேருந்தோ ஓட்டுபவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நின்றே ஆகவேண்டும். நாளொன்றுக்கு 9 மணி நேரமே பொது வரம்பு. அதனை வண்டியிலுள்ள கருவியே பதிவுசெய்யும். நம் நாட்டிலும் அப்படிப்பட்ட சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், 5 மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறைவான நிறுவனம் அதன் வலையில் பொதுவாக விழவில்லை. ஒற்றை வேனைக் கடனில் வாங்கி, இரவில் தொழிற்சாலை ஆட்களையும் பகலில் பள்ளிப் பிள்ளைகளையும் விடுமுறையில் திருப்பயணிகளையும் ஏற்றித் தவணை கட்டும் மனிதரை எந்தச் சட்டமும் உறங்கச் சொல்வதில்லை. சட்டம் கேளாத இடத்தில் மனச்சான்று கேட்கவேண்டும் அன்றோ? வாடகை பேசுகையில் ஐந்நூறு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் வாதாடும் நாம், “நேற்று இரவு எங்கே ஓட்டினீர்கள்?” என்று கேட்க அரை நிமிடம் செலவிடுவதில்லை.

திருச்சபை இதில் மௌனமாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்தாம் கட்டளையை விளக்கும் பகுதியில், மதுவாலோ வேக வெறியாலோ சாலையில் தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவது கனத்த குற்றம் என்று மறைக்கல்வி நூல் 2290ஆம் எண்ணில் போதிக்கிறது. 2007ஆம் ஆண்டு சூன் மாதம் வத்திக்கான், சாலைப் பயணத்துக்கான மேய்ப்புப்பணி வழிகாட்டியொன்றை வெளியிட்டு, ஓட்டுநருக்கென்று பத்துக் கட்டளைகளையும் தந்தது. முதலாவது கொலை செய்யாதே என்பது. ஆறாவது, ஓட்டும் நிலையில் இல்லாதவரை ஓட்டவிடாமல் அன்போடு தடுக்கச் சொல்கிறது. ஏழாவது, விபத்தில் சிக்கியோரின் குடும்பத்தைத் தாங்கச் சொல்கிறது. அப்போது வேடிக்கைச் செய்தியாகச் சில நாளேடுகள் வெளியிட்டன; சிரித்தோம்; மறந்தோம். புனித கிறிஸ்தோபரின் படத்தை வண்டியில் ஒட்டத் தெரிந்த நமக்கு, திருச்சபையின் இந்த ஏட்டைப் படிக்கத் தெரியவில்லை. 1969ஆம் ஆண்டு நாள்காட்டித் திருத்தத்தின்போது அவருடைய நினைவு பொது நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டதற்கு ‘கிறிஸ்தோபரை நீக்கிவிட்டார்கள்’ என்று வருந்தியவர்கள் உண்டு. அவர் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை என்பதை இடையே சொல்லிவைக்கிறோம். மரபுக் கதையில் அவர் குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தபோது விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

பங்குப் பேரவையில் இதனைப் பேசியபோது எழுந்த எதிர்ப்புகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒருவர், “சூசையப்பர்கூட இரவிலேதானே எகிப்துக்குப் புறப்பட்டார்?” என்றார். கெட்டிக்காரக் கேள்வி. ஆனால் வானதூதர் அவருக்குத் தோன்றியது கனவிலே. உறங்கி எழுந்தபின்பே அவர் புறப்பட்டார். பேரவை சிரித்தது, கேட்டவரும் சிரித்தார்.

அடுத்து எழுந்த கேள்விக்குச் சிரிக்க முடியவில்லை. ஒப்பந்தத் தொழிலாளியான ஓர் இளைஞர் எழுந்து, “ஃபாதர், இரவில் போனால் எனக்கு ஒரு நாள் கூலிதான் போகும். பகலில் போய்ப் பகலில் திரும்பினால் மூன்று நாள் கூலி போகும். வாடகை அறைக்கு நீங்களா பணம் கட்டுவீர்கள்?” என்றார். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஆலயத்தில் பின்வரிசையில் அமரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். நம்மிடம் முழுமையான விடை இல்லை. தொழிலாளியின் இரவைத் திருடுவது வேலை நேரமும் விடுப்பு மறுப்பும் என்பது உண்மையே. வண்டிகளைச் செய்து அனுப்பும் கைகளுக்கு ஒரு வண்டியில் நிம்மதியாகப் பயணம் செய்ய இரண்டு நாள் கிடைக்கவில்லை என்பது நம் பகுதியின் நெடுநாள் அநீதி. அதனை எதிர்த்துக் கேட்கவேண்டும்; கேட்பவர்களோடு பங்கு நிற்கவேண்டும். ஆனால் அந்த அநீதி தீரும்வரை ஓட்டுநரின் உறக்கத்தைப் பறித்து நம் கூலியைக் காப்பது அநீதியை நம்மைவிட எளியவர் தலையில் இறக்கிவைப்பதாகும். அந்த இளைஞரிடம் இதையே சொன்னோம். அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டோம், அமர்ந்துவிட்டார்.

கொள்கையில் தோற்றோர் செலவில் வாதிட்டார்கள். இரண்டாம் ஓட்டுநருக்கு நிதி இல்லை என்றார்கள். பயணக் குழுவின் கணக்கேட்டைத் திறந்தோம். சீருடைப் பனியனுக்கு ஒரு தொகை, பதாகைக்கு ஒரு தொகை, ஒலிபெருக்கிக்கு ஒரு தொகை, வண்டி அலங்காரப் பூவுக்கு ஒரு தொகை. அப்பூவின் விலையில் இரண்டாம் ஓட்டுநர் வந்துவிடுவார். அன்னை பூ கேட்டார்களா, பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொன்னார்களா என்று கேட்டோம். யாரும் விடை சொல்லவில்லை. காவியுடுத்திக் கால்நடையாகச் செல்வோரின் சப்பரத்துக்குப் பின்னே ஒளிரும் பட்டை ஒட்டுவதற்கும் அதே கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தீர்மானமாயிற்று.

இன்னொன்றையும் பேரவையில் சொன்னோம். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியர் வெறுங்கையோடு வரவில்லை. அவரிடம் எண்ணெய் இருந்தது, திராட்சை இரசம் இருந்தது, சுமக்க விலங்கு இருந்தது, சாவடிக்காரருக்குக் கொடுக்கப் பணம் இருந்தது. ஆயத்தத்தோடு பயணம் செய்தவரால்தான் பிறருக்கும் உதவ முடிந்தது. நம் நாட்டு நீதிமன்றமும் சட்டமன்றமும் அவருடைய பெயரையே எடுத்துக்கொண்டன. 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும், விபத்தில் உதவும் ‘நல்ல சமாரியர்’ காவல் நிலையத்துக்கும் வழக்குக்கும் அஞ்சவேண்டியதில்லை என்று உறுதி கூறின. தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில், நாம் கடந்துசெல்லும் அதே மேல்மருவத்தூரில், விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு 2022 வந்தது. அவ்வாண்டு நம் மாநிலச் சாலைகளில் 17,884 பேர் இறந்தனர். 64,105 விபத்துகள், எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். கத்தோலிக்க வேன்களில் எத்தனை முதலுதவிப் பெட்டிகள் இருக்கின்றன என்று ஒரு ஞாயிறு மாலை நாமே பார்த்தோம். ஏழு வண்டிகளில் இரண்டில் இருந்தது. ஒன்றின் உள்ளே வெற்றிலைப் பாக்கு.

ஆகவே நம் பங்கில் ஒரு வழக்கத்தை மாற்றியிருக்கிறோம். இரவு 8 மணிக்கு மேல் எந்தத் திருப்பயண வண்டியையும் மந்திரிப்பதில்லை. வண்டியைப் பார்க்குமுன் ஓட்டுநரிடம் பேசுகிறோம், பெயர் கேட்கிறோம், எப்போது உறங்கினார் என்று கேட்கிறோம். விடை சரியில்லை என்றால் தீர்த்தச் செம்பு உள்ளேயே இருக்கும். சென்ற ஆண்டு ஒரு குழுவினர் கோபித்துக்கொண்டு, “உங்கள் ஆசி இல்லாமலே போய்க்கொள்கிறோம்” என்று புறப்பட்டுவிட்டார்கள். அவர்கள் நலமாகத் திரும்பியும் வந்தார்கள், வந்து நம்மிடம், “பார்த்தீர்களா சாமி?” என்றும் கேட்டார்கள். அவர்களுக்காக இரவு முழுவதும் செபித்துக்கொண்டிருந்தோம் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. உடன்பணியாற்றும் குருக்கள் சிலர் இதனை மிகை என்கிறார்கள். அடுத்த பங்கில் இரண்டு நிமிடத்தில் மந்திரித்துக் கொடுக்கும்போது இங்கே ஏன் இவ்வளவு விசாரணை என்று மக்கள் அவர்களிடம் போய்விடுகிறார்களாம். அந்தச் சகோதரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

பங்கின் பொது வேன் இப்போது காலைத் திருப்பலி முடிந்தே புறப்படுகிறது, இரண்டு ஓட்டுநர்கள், வழியில் கடலூருக்கு அருகே ஒரு மணி நேர நிறுத்தம். முன்னிரவு அவர்கள் இருவரும் மறைக்கல்வி அறையிலேயே படுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. இறந்துபோன அந்த ஓட்டுநரின் மனைவி நாம் பங்கு மாறி இங்கு வந்தபின்னும் தொடர்பில் இருப்பவர். ஒரு தொழிற்சாலை உணவகத்தில் வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு அவரே ஓட்டுநர்கள் இருவருக்கும் இரவு உணவு சமைத்துக் கொண்டுவந்தார். அவர்கள் உண்டு முடித்ததும் பாயை விரித்தார். இளையவர் கைபேசியை நோண்டிக்கொண்டே படுத்ததைக் கண்டதும், “அத இங்க குடுப்பா, காலைல வாங்கிக்க” என்று கையை நீட்டினார். கொடுத்துவிட்டார். விளக்கை அணைத்துவிட்டு, கதவை ஒருக்களித்து, விடியும்வரை தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தார்.